ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி போன் வந்தால்...

கேள்வி: ஒரு தகராறு தொடர்பாக என் தம்பியை நாளை காவல் நிலையத்துக்கு வரும்படி போனில் சொல்லியிருக்கிறார்கள். போனால் உட்கார வைத்துவிடுவார்களோ என்று பயம். போகாமல் இருக்கலாமா? அரசியலமைப்புச் சட்டம் தரும் உரிமைகளெல்லாம் இங்கே செல்லுபடியாகுமா?

பதில்: தலைமறைவாக வேண்டாம். அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும். ஆனால் எழுத்தில் அழைப்புக் கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு. சாட்சியாக அழைத்தால் பி.என்.எஸ்.எஸ். எனப்படும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 179-ஆவது பிரிவின்படி எழுத்துப்பூர்வ உத்தரவு வேண்டும். குற்றம்சாட்டப்பட்டவர் என்றால் 35-ஆவது பிரிவு நோட்டீஸ். இந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2025-இல் சொல்லிவிட்டது. நோட்டீஸுக்குக் கட்டுப்பட்டு ஆஜராகிறவரைக் கைது செய்வதானால், அதற்கான காரணத்தை அதிகாரி எழுதிவைத்தாக வேண்டும்.

உங்கள் பயம் நியாயமானதுதான். “கைதெல்லாம் இல்லை, சும்மா விசாரணை” என்று சொல்லியே ராத்திரி முழுக்க உட்கார வைப்பது இங்கே பழைய வழக்கம். இதற்குத்தான் அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். விரும்பிய வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ஏட்டில் எத்தனை மணிக்குக் கைது என்று எழுதினார்கள் என்பதோடு விஷயம் முடிவதில்லை. அவரை வெளியே போக முடியாமல் எப்போது தடுத்தார்கள் என்பதையும் நீதிமன்றம் பார்க்கும். அதனால் தம்பியைத் தனியாக அனுப்பாதீர்கள். உள்ளே போன நேரத்தைக் கூட வருபவர் செல்போனில் செய்தியாக அனுப்பி வைக்கட்டும், பின்னால் அதுதான் கைகொடுக்கும். விடாமல் வைத்திருந்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் 15100 எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச உதவி உண்டு.

ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. குண்டர் சட்டம் போன்ற தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேரக் கணக்கு பொருந்தாது.

உரிமைகளெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பவர்கள் நெருக்கடி நிலைக் காலத்தை நினைத்துப் பார்க்கட்டும். பிடித்துப் போனவரைக் கேட்டு நீதிமன்றத்துக்கே போக முடியாது என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகுதான் 1978-இல் 44-ஆவது திருத்தம் வந்தது. உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் இனி முடக்க முடியாது.

நாளைக்கு இன்னொன்று. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லும்படி குற்றம்சாட்டப்பட்டவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 20(3) பிரிவு. விசாரணையில் போலீஸ் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கவும் சட்டத்தில் இடமில்லை. வெற்றுத் தாளை நீட்டினால், வழக்கறிஞர் வரட்டும் என்று தம்பி மரியாதையாகச் சொல்லிவிடட்டும்.