கிளிநொச்சி டவுனுக்குள்ள பகலில லொறி வராமல் மறிக்கப் பிரதேச சபையால ஏலுமோ?

தனிய ஏலாது. டவுனுக்கு நடுவால போறது ஏ9 எண்ட கண்டி-யாழ்ப்பாணம் றோட்டு, அது மத்திய அரசாங்கத்தின்ர வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்ர றோட்டு, டவுன் அடங்கிற கரைச்சிப் பிரதேச சபைக்கு 1987ஆம் ஆண்டு 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தால கிடைச்சது உள் றோட்டு, சந்தை மாதிரி விஷயங்கள்தான், அதால சபையில எல்லாரும் கையை உயர்த்தித் தீர்மானம் எடுத்தாலும் ஏ9ஐப் பொறுத்தவரை அது ஒரு வேண்டுகோள்தான், பிறகு மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு, பொலிஸ் எண்டு அலையவேணும். (வோட்டுக் கேக்க வரேக்க இதை ஒருத்தரும் சொல்லமாட்டினம்.)

கடைக்காரர் சாமான் இறக்க லொறி வேணும் எண்டு நிப்பினம், பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர தாய்தேப்பன் வேண்டாம் எண்டுவினம், அறுவடை நேரம் நெல்லு ஏத்திற ட்ரக்டர்காரரை ஆர் கேக்கினம்? என்னைக் கேட்டா முழுநாளும் மறிக்கத் தேவையில்லை, பள்ளிக்கூடம் தொடங்கிற, விடுற நேரம் மட்டும் மறிச்சாக் காணும்.