நல்லதண்ணி லொட்ஜ்களில் ஏன் நாலு மணிக்கே இராச்சாப்பாடு ஓடர் கேட்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது சுருக்கமாக இதுதான். கொழும்பிலிருந்து நண்பர்களோடு சிவனொளிபாதமலைக்குப் போய், மலையடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணியில் ஒரு லொட்ஜில் தங்கியிருக்கிறார். பின்னேரம் நாலு மணிக்கே இராச்சாப்பாட்டைச் சொல்லச் சொன்னார்களாம். ஒன்பது மணிக்குப் பிறகு பாட்டுப் போட விடவில்லையாம். வேலை செய்கிறவர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். "காசு கொடுத்துத்தானே தங்குகிறோம், மலை லொட்ஜ்களில் மட்டும் ஏன் இப்படி?" என்று கேட்கிறார்.

முதல் இரண்டோடு நின்றிருந்தால் நான் பேசாமல் போயிருப்பேன். அந்த மூன்றாவது விடவில்லை. நான் மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்தில் பிறந்தவன். நல்லதண்ணியில் ஒரு லொட்ஜில் சில சீசன் வேலை செய்தேன். இப்போது வெள்ளவத்தையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். லொட்ஜின் பெயரைக் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். எல்லா லொட்ஜும் ஒழுங்கு என்று வக்காலத்து வாங்கவும் வரவில்லை. பைப்பைத் திறந்தால் ஐஸ் தண்ணீர் வரும், வாசலில் 'ஹொட் வோட்டர்' என்று போர்ட் தொங்கும், அப்படியான இடங்களும் அங்கே உண்டு.

நீங்கள் அநேகமாகக் காலையில் வேன் பிடித்து, கித்துல்கலையில் ஆற்றில் ஒரு குளியல் போட்டு, ஹட்டன் வழியாக மூன்று மூன்றரைக்கு வந்து இறங்கியிருப்பீர்கள். உங்களிடம் ஓடர் கேட்ட ஆள் அன்றைக்கு அதிகாலை ஒரு மணிக்கு எழும்பியவன்.

சூரியன் உதிக்கும்போது உச்சியில் நிற்க வேண்டும் என்றுதான் எல்லோரும் வருகிறார்கள். உச்சி 2243 மீட்டர். நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேலே படிகள். வாட்டசாட்டமான ஆள் இரண்டரை மணித்தியாலத்தில் ஏறுவான், மற்றவர்களுக்கு நாலும் ஆகும். அவர்கள் இரண்டு மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்றால் நாங்கள் ஒரு மணிக்கு அடுப்புப் பற்ற வைத்திருக்க வேண்டும். குசினிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். 'ரூம் 3 – 1.30 – பிளேன்டீ 2. ரூம் 5 – 2.00 – கோப்பி, முட்டை வேண்டாம். ரூம் 8 – எழுப்பக் கூடாது.' அந்தத் தாளைப் பார்த்துத்தான் கதவு தட்டுவது, பாணும் ஜாமும் அவித்த முட்டையும் வாழைப்பழமும் வைத்துப் பார்சல் கட்டுவது, டோர்ச் கொண்டுவராதவனுக்கு டோர்ச் தேடுவது எல்லாம். உந்துவப் போயா என்ற பௌர்ணமியிலிருந்து வெசாக் போயா வரை, அதாவது டிசம்பரிலிருந்து மே வரை, படி நெடுக லைட் எரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் ஒன்றும் இராது, கும்மிருட்டு. அப்போதும் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். அப்போது அவர்களுக்குக் கடையும் நாங்கள்தான், வழி சொல்கிறவர்களும் நாங்கள்தான்.

கடைசி ஆள் போன பிறகு மூன்று மணி போல ஒரு நித்திரை. ஐந்தரைக்குத் திரும்ப எழும்பி ஹோல் கூட்டி, இடியப்பத்துக்கு மாக் குழைக்க வேண்டும். எங்கள் அம்மா கொழுந்து பறிக்கப் பிரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போகும் நேரம் அது. நான் முதல் ஷிப்ட்டை முடித்துவிட்டு இரண்டாவதைத் தொடங்கியிருப்பேன்.

ஒன்பது மணியிலிருந்து ஆட்கள் இறங்கி வருவார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போதுதான் முழங்கால் பழி வாங்கும். லொட்ஜ் வாசலில் இருக்கிற மூன்று படியைக் கண்டே முகம் சுளிப்பார்கள். ஜூன் மழையில் ஒருநாள், அறுபது வயதிருக்கும், ஒரு வெள்ளைக்கார அம்மா பக்கவாட்டாக நடந்து வந்து நேரே குசினிப் படியில் உட்கார்ந்துவிட்டார். விரல் விறைத்துப்போய் சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்க முடியவில்லை. எங்கள் சமையல்கார மாமா சுடுதண்ணீர்ப் பேசினோடு வந்தார். கயிற்றை அவிழ்த்து சொக்ஸை உருட்டினால் கணுக்காலில் நாலைந்து அட்டை, திராட்சை மாதிரி ஊதிப்போய். துணியில் உப்பைக் கட்டி ஒவ்வொன்றாகத் தொட்டு விழ வைத்தார். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொல்ல, மாமா தமிழில் "முடிஞ்சிருச்சும்மா, முடிஞ்சிருச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பில் போடும்போது நான் கேட்டதற்கு, "டீ மட்டும் போடு தம்பி" என்றார். போகும்போது அந்த அம்மா இரண்டு அலுமினியக் கைத்தடிகளையும் மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு அது குசினியில் உடுப்புக் காயப்போடும் கம்பானது.

உடுப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. மே முடிந்தால் அங்கே பெட்சீட் காயாது. காற்றிலேயே தண்ணீர். வெளியில் போட்டால் போட்டதைவிட ஈரமாக எடுக்கலாம். அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, இரவில் அயன் பண்ணி விரிப்போம். "பெட்சீட்டில் புகை நாற்றம்" என்று ஒருவர் கூகுளில் எழுதியிருந்தார். உண்மைதான். புகை நாற்றமா, ஈரமா என்று கேட்டால் அவர் எதைக் கேட்டிருப்பாரோ தெரியவில்லை.

சரி, நாலு மணி ஓடர். ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேலே, அதுவும் வளைவு வளைவான ரோட்டு. கோழி, மீன், தேங்காய் எல்லாம் கீழிருந்து வர வேண்டும். அந்த உயரத்தில் தென்னை இல்லை. காற்றடித்தால் கரண்ட் போகும், ஆகவே ஃப்ரிட்ஜை நம்பி ஒன்றும் வாங்கி அடுக்க முடியாது. எத்தனை பேர், என்ன வேண்டும் என்று நாலு மணிக்குத் தெரிந்தால் மஸ்கெலியாவிலிருந்து வரும் பஸ்ஸில் சொல்லி எடுக்கலாம். ஏழரைக்குச் சாப்பாடு கொடுத்து, எட்டரைக்கு அடுப்பை அணைத்தால்தான் மாமாவுக்கு நாலு மணித்தியாலம் நித்திரை கிடைக்கும். பாட்டு விஷயமும் அதேதான். ரூமுக்கு ரூம் பலகைச் சுவர். பக்கத்து ரூம்காரர் ஒன்றரைக்கு எழும்பப் போகிறவர்.

ஒரு மார்ச் மாதம், சனிக்கிழமை, இரவு ஒன்பதரைக்குப் பிறகு ஒரு வேன் வந்தது. கொழும்புப் பெடியன்கள், எட்டுப் பேர். இறங்கின கையோடு, "அண்ணே, சிக்கன் கொத்து எட்டுப் போடுங்க." மாமா எழும்பி வந்து, "தம்பி, சோறு இருக்கு, பருப்பு இருக்கு, முட்டை பொரிச்சுத் தர்றேன்" என்றார். "என்ன அண்ணே, கொழும்பில பன்னிரண்டு மணிக்கும் கொத்து எடுக்கலாமே!" மாமா ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து முட்டையை உடைத்துக்கொண்டே என்னிடம், "அப்ப திரும்பிப் போகச் சொல்லு, இப்ப வெளிக்கிட்டா சரியா இருக்கும்" என்றார். எட்டு முட்டையும் பொரித்துக் கொடுத்தார். அடுத்த வாரம் ஒரு ஸ்டார் ரிவியூ: சாப்பாடு இல்லை, ஊழியர்கள் கடுகடுப்பு.

கொழும்பு ஆட்களுக்கு நான் எதிரி என்று யாராவது கீழே எழுதுவீர்கள். நானும் இப்போது கொழும்பில்தான் சாப்பிடுகிறேன், பன்னிரண்டு மணிக்குக் கொத்தும் சாப்பிட்டிருக்கிறேன். வெளிநாட்டுக்காரர் எல்லாம் தங்கம் என்றும் சொல்லவில்லை. ஒரு ரொட்டி விலைக்காக அரை மணி நேரம் வாதாடியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிங்கள ஊர்களிலிருந்து வெள்ளை உடுப்போடு வரும் யாத்திரைக் கூட்டம் பெரும்பாலும் லொட்ஜில் தங்காது, பஸ்ஸிலும் மடத்திலும் படுத்து எழும்பும். ஆனால் பைப்பில் தண்ணீர் பிடிக்க வந்த ஆச்சிமார் எங்களுக்குக் கிரிபத் என்ற பாற்சோறு தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எனக்கு உறைத்தது வேறு. அந்தப் பக்கத்து லொட்ஜ்களில் வேலை செய்கிறவர்களில் நிறையப் பேர் தோட்டத்துத் தமிழ் ஆட்கள். கொழும்புத் தமிழர் வந்து எங்களிடம் சிங்களத்தில் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் இங்கிலீஷ். தமிழில் பதில் சொன்னால் ஆச்சரியப்படுவார்கள். பேரப்பிள்ளை எடுத்த மனுசனை "தம்பி, இங்க வா" என்பார்கள். பிறகு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், பிடிக்காதவர்கள் அடுத்த பந்திக்குப் போகலாம். நாங்கள் வேலை செய்த லொட்ஜுக்கு மேப்பில் புள்ளி இருந்தது. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஆள் தேடி வரலாம். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் எங்கள் லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. அதற்கு இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிஷன் பெயரும்தான் விலாசம். கடிதங்கள் எல்லாம் தோட்டத்து ஒஃபிசுக்குப் போய், யாரோ நினைக்கிற நாளில் பிரட்டுக் களத்தில் கைமாறி வரும். ஏ.எல். முடித்த பிறகு எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் வந்தது. கையில் கிடைத்தபோது திகதி போய்விட்டிருந்தது. அப்படித்தான் லொட்ஜுக்கு வேலைக்குப் போனேன். இப்போது கொழும்பில் ரூம் எடுக்கப் போனாலும் ஐடென்டிட்டி கார்டில் அந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் ஒரு மாதிரி நிமிர்ந்து பார்ப்பார். அட்வான்ஸ் கூடும்.

ஏன் அங்கேயே இருக்கவில்லை என்று கேட்பீர்கள். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்போடு அந்த சீசன் முடியும் முன்பே ரூம்கள் வெறுமையாகின. 2020 மார்ச்சில் ஊரடங்கு. 2022இல் கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழும் மிலாறுக் குச்சியை எரித்துச் சமைத்தோம். சாப்பிட ஆள்தான் வரவில்லை. சம்பளம் பாதியானது. மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

பில்லில் 10% சேர்விஸ் சார்ஜ் போட்டிருந்தால் அது முழுக்க வேலை செய்கிறவர்கள் கைக்குப் போகிறது என்று நினைக்காதீர்கள். எங்கள் இடத்தில் உடைந்த கிளாஸ், காணாமல் போன துவாய் எல்லாவற்றையும் முதலில் அதிலிருந்துதான் கழிப்பார்கள். எல்லா இடமும் அப்படியா என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் இருந்த இடத்தைத்தான் சொல்கிறேன். ஏதாவது கொடுக்க மனமிருந்தால் கையில் கொடுங்கள். உங்களிடம் பை வாங்கிய பெடியனோடு நிறுத்தாமல் குசினிக்கும் போய்க் கொடுங்கள்.

அடுத்த முறை நாலு மணிக்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தால் ஹட்டனில் இருக்கும்போதே லொட்ஜுக்குக் கோல் எடுத்து, எத்தனை பேர், சோறா ரொட்டியா என்று சொல்லிவிடுங்கள், எடுத்து வைப்பார்கள். கொத்துத்தான் வேண்டும் என்றால் மஸ்கெலியா டவுனில் இறங்கிச் சாப்பிட்டுவிட்டு மேலே ஏறுங்கள்.