லோயரிங் ஸ்பிரிங்கா, காயிலோவரா? தினமும் ஓட்டும் காருக்குச் சில பதில்கள்

தினமும் 40 கி.மீ. ஆபீஸ் போய் வருகிறேன். 2019 ஸ்விஃப்ட். கொஞ்சம் இறக்கினால் வளைவில் சாயாது என்கிறார்கள். ஸ்பிரிங் போதுமா, காயிலோவர் வாங்கவா? (வாசகர், கோவை)

லோயரிங் ஸ்பிரிங் என்பது கம்பெனி ஸ்பிரிங்குக்குப் பதிலாக மாட்டி வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங். காயிலோவர் என்பது ஸ்பிரிங்கும் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) சேர்ந்து, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய செட். உங்களுக்கு ஸ்பிரிங் போதும். அதுவும் 25 மி.மீ.க்கு மேல் இறக்காத ஸ்பிரிங்.

வண்டி நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது? எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஒரு காரில் அந்த இடம் 80 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 இறக்கினால் மீதி 40. அதே பள்ளத்தில் அதே வேகத்தில் விழும்போது வரும் அடியைப் பாதித் தூரத்துக்குள் ஸ்பிரிங் மட்டுமே வாங்க வேண்டுமென்றால், அது இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு விறைப்பாக இருக்க வேண்டும். சாதாரணமாகக் கிடைக்கும் லோயரிங் ஸ்பிரிங் கம்பெனி ஸ்பிரிங்கைவிடக் கொஞ்சம்தான் விறைப்பு. அப்படியானால் மிச்ச அடியை யார் வாங்குவது? ஷாக்கின் தண்டில் மாட்டியிருக்கும் அந்தப் பஞ்சு மாதிரியான பம்ப் ஸ்டாப். ‘இறக்கியதிலிருந்து வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது’ என்று வருகிறவர்களின் வண்டியைப் பார்த்தால், ஸ்பிரிங் மேல் தப்பே இருக்காது. பம்ப் ஸ்டாப்பில் போய் இடித்துக்கொண்டிருக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முன் ஷாக்கின் ரப்பர் உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளவென்று இருக்கும் தண்டில் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி, கீழே ஷாக்கின் வாய்வரை இறக்கி வையுங்கள். ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். ஷாக் அமுங்கும்போதெல்லாம் அந்த டை மேலே தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். டைக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே தெரிகிற இடைவெளிதான் உங்கள் கையிருப்பு. அது 20 மி.மீ. என்றால் அதற்கு மேல் இறக்குவது உங்கள் பாதைக்கு ஆகாது. நான்கு பேரை ஏற்றிக்கொண்டும் ஒருமுறை பாருங்கள். ஊருக்குப் போகும்போது டிக்கி நிறைய மூட்டையோடுதானே போகிறோம்?

கரி மோட்டார் ஸ்பீட்வே உங்கள் ஊரிலேயே இருக்கிறது. டிராக்கில் அடிக்கடி ஓட்டப் போகிறீர்கள், உயரத்தை மாற்றி மாற்றிப் பார்க்க ஆசை என்றால் காயிலோவருக்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது. ஆபீசுக்கு மட்டும் என்றால் அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். வளைவில் கிடைக்கும் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கம்பெனி ஷாக் 60,000 கி.மீ. ஓடிவிட்டது. லீக் எதுவும் இல்லை. அதன் மேலேயே லோயரிங் ஸ்பிரிங் போடலாமா? (வாசகர், தாம்பரம்)

வேண்டாம். இந்தத் தப்பை நானே செய்திருக்கிறேன். பழைய ஷாக்கின் மேல் 40 மி.மீ. ஸ்பிரிங் மாட்டச் சொன்னேன், ‘தாராளமாகப் போடலாம்’ என்று மாட்டிக்கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் இடது முன் ஷாக்கின் வெளிப்புறம் முழுக்க ஈரப் புழுதி அப்பியிருந்தது. விரலால் வழித்தால் கறுப்பு எண்ணெய். ஷாக்கை ஒருமுறை, கூலியை இரண்டுமுறை கொடுத்தேன்.

தண்டு எப்போதும் கூடுதலாக உள்ளே அமுங்கிய நிலையில், விறைப்பான ஸ்பிரிங்கோடு வேலை செய்யும் போது, ஏற்கெனவே பாதி ஆயுள் முடிந்த சீல் தாங்காது. தயாரிப்பாளர்களே இதைப் பிரித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பில்ஸ்டீனில் பி6 என்பது கம்பெனி உயரத்துக்கு, பி8 என்பது இறக்கிய வண்டிக்காக நீளம் குறைத்த ஷாக். ஸ்பிரிங், ஷாக், பம்ப் ஸ்டாப், மேலே இருக்கும் ஸ்ட்ரட் மவுன்ட், பேரிங் எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறார்கள்.

லேத்துப் பட்டறையில் ஒரு சுற்று வெட்டித் தருகிறேன் என்கிறார்கள். செலவே இல்லை. செய்யலாமா? (வாசகர், மதுரை)

தயவுசெய்து செய்யாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங்கின் முனை அதன் தட்டில் சரியாக உட்காராது. பாலத்தில் ஏறி இறங்கும்போது சக்கரம் தொங்கினால், நீளம் போதாமல் ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறும். மறுபடி எடை வரும்போது கோணலாக உட்காரும். கேஸ் வைத்துச் சூடு காட்டி இறக்குவது இதைவிட மோசம். எஃகின் பதமே போய்விடும். உள்ளே உட்காரும் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

காயிலோவர் போட்டு மூன்று மாதம் ஆகிறது. உடம்பெல்லாம் வலிக்கிறது. காலரைத் திருகி ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் மென்மையாகுமா? (வாசகர், திருச்சி)

ஆகாது. நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். ஒரே சீரான ஸ்பிரிங்கில் காலரை, அதாவது ஸ்பிரிங் உட்காரும் திருகுத் தட்டை, ஏற்றினாலும் இறக்கினாலும் விறைப்பு மாறாது. ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனும் சுற்றுகளும் மாறவில்லையே.

உங்கள் செட் எந்த வகை என்று முதலில் பாருங்கள். உயரத்தை ஸ்பிரிங் தட்டால் மட்டும் மாற்றும் வகை என்றால், இறக்க இறக்கத் தண்டு ஷாக்குக்குள் இன்னும் ஆழமாகப் போகிறது, மேலே ஏறும் இடம் குறைகிறது. நீங்கள் அடிமட்டம்வரை இறக்கியிருந்தால், 15 மி.மீ. ஏற்றினாலே பாதி வலி போய்விடும். கீழே பிராக்கெட்டும் திருகில் இருக்கும் வகை என்றால் உயரத்தை அந்தக் கீழ்த் திருகில் மாற்ற வேண்டும். அப்போது ஷாக்கின் ஓட்டம் குறையாது. ஸ்பிரிங் தட்டை, கையால் ஆட்டினால் ஸ்பிரிங் ஆடாத அளவுக்கு வைத்தால் போதும்.

அப்புறம் மேலே இருக்கும் டேம்பிங் திருகு, அதாவது ஷாக்கின் விறைப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு. அது கடைசி கிளிக்வரை விறைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், மாட்டிய கடையில் அப்படியே விட்டிருப்பார்கள். முழு மென்மைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து இரண்டிரண்டு கிளிக்காக ஏற்றுங்கள். வேகத்தடை தாண்டியதும் வண்டி ஒரே ஆட்டத்தில் நின்றால் அதுதான் உங்கள் இடம். நான்கு பக்கமும் உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபென்டர் விளிம்புவரை அளந்தால் டயர் காற்று குழப்பாது.

இறக்கினால் வேகத்தடையில் அடி தட்டுமே? (வாசகர், சேலம்)

இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி போட்ட வேகத்தடை 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 செ.மீ. ஸ்விஃப்ட்டின் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம், 2,450 மி.மீ. நான்கு சக்கரமும் அந்த மேட்டின் மேல் இருக்கும்போது வண்டியின் நடுப்பகுதிக்கு மேடு எழும்புவது சுமார் 44 மி.மீ. மட்டும். தரையிலிருந்து 163 மி.மீ. இடைவெளி உள்ள வண்டியை 25 இறக்கினாலும் மெதுவாக ஏறினால் தாராளமாகப் போகும்.

சிக்கல் எங்கே என்றால், தெருவில் அவரவர் போடும் ஒடுக்கமான மேட்டில். அது 15 செ.மீ. உயரம் என்றால் முன் சக்கரம் அந்தப் பக்கம், பின் சக்கரம் இந்தப் பக்கம், நடுவில் முழு 150 மி.மீ.யும் வண்டியின் வயிற்றுக்கு நேராக நிற்கும். ஐந்து பேர் உட்கார்ந்தால் இறக்காத வண்டியே உரசும். உங்கள் வீட்டுத் தெருவில் அப்படி ஒன்று இருந்தால், டேப்பை எடுத்துப்போய் அளந்துவிட்டு முடிவெடுங்கள்.

ஆர்.டி.ஓ., இன்சூரன்ஸ் பிரச்சினை வருமா? (வாசகர், சென்னை)

வரலாம். தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே ஆண்டு வந்த சட்டத்திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ உண்டு. ஆர்.சி.யில் ஸ்பிரிங் பற்றி எதுவும் எழுதியிருக்காது என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து நடந்த பிறகு அந்த வாதத்தை நம்பி நிற்க நான் தயாராக இல்லை. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் விற்றுவிடாமல் எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள்.

அலைன்மென்ட் எப்போது பார்க்க வேண்டும்? (வாசகர், ஈரோடு)

மாட்டிய அன்றே ஒருமுறை. 500 கி.மீ. ஓடி ஸ்பிரிங் படிந்த பிறகு இன்னொருமுறை. வண்டி இறங்கும்போது டோவும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) கேம்பரும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) சேர்ந்து மாறும். டயரின் உள்பக்கத்தைச் சீக்கிரம் தின்பது பெரும்பாலும் டோதான், பழி மட்டும் கேம்பருக்குப் போகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் கீழ்க் கையின் ரப்பர் புஷ் (லோயர் ஆர்ம் புஷ்) போல்ட்களை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் வைத்துத்தான் இறுக்கச் சொல்லுங்கள். லிஃப்ட்டில் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். ஹெட்லைட் மட்டத்தையும் அதே நாளில் சரிசெய்துவிடுங்கள்.