ஈர வாளியை ஏற்றியது யார்?

கேள்வி: வயது 38. கோவையில் ஐ.டி. வேலை. 3 வருடமாக வாரத்துக்கு 4 நாள் ஜிம்முக்குப் போகிறேன். ஸ்குவாட் (தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுவது) 90 கிலோ, டெட்லிஃப்ட் (தரையில் கிடக்கும் பளுவைத் தூக்கி நிமிர்வது) 110 கிலோ வரை வந்திருக்கிறேன். போன மாதம் ஒரு கிரகப்பிரவேசத்தில் தரையில் பந்தி. பாயசம் வருவதற்குள் இரண்டு காலும் மரத்துப்போய், பெரியப்பாவின் தோளைப் பிடித்துத்தான் எழுந்தேன். அதை வீடியோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுச் சிரிக்கிறார்கள். அடுத்த வாரமே காஸ் சிலிண்டர் மாற்றும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது; 4 நாளில் சரியானது. நான் ஏனோதானோ என்று பயிற்சி செய்பவன் இல்லை. லெக் டேக்கு (காலுக்கான பயிற்சி நாளுக்கு) மறுநாள் மாடிப்படிகூட ஏற முடியாது. மொட்டை மாடியில் காயும் துணியைக்கூட அம்மாதான் (வயது 66) எடுத்து வருவார். அந்த அளவுக்குச் செய்தும் ஏன் இப்படி? எந்தப் பயிற்சியைச் சேர்க்க வேண்டும், எத்தனை செட்?
- பெயர் வேண்டாம், கோவை.

பதில்: தம்பி, 'இத்தனை கிலோ தூக்குகிறேன்' என்று ஆரம்பித்து 'தரையில் உட்கார முடியவில்லை' என்று முடியும் கடிதம் மாதம் தவறாமல் வருகிறது. உங்கள் கடிதத்தில் என் கண் நின்றது பந்தியிலும் இல்லை, சிலிண்டரிலும் இல்லை. உங்கள் உழைப்புக்குச் சாட்சியாகப் போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்தத் துணியில்தான். அம்மா எடுத்து வருவது காய்ந்த துணி. அதை ஈரமாக மேலே ஏற்றியது யார்? அதைச் சொல்லவே உங்களுக்குத் தோன்றவில்லை. ஆகவே, லெக் டே இல்லாத நாளிலும் அவர்தான் ஏற்றுகிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

5 கிலோ துணி மெஷினில் பிழிந்த பிறகும் 7, 8 கிலோ இருக்கும். கையால் பிழிந்தால் இன்னும் அதிகம். 66 வயதுப் பெண்மணி அதை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, மறு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறுகிறார். வாளி இழுக்கும் பக்கம் சாயாமலிருக்க எதிர்ப்பக்க விலாவும் இடுப்பும் ஒவ்வொரு படியிலும் வேலை செய்கின்றன. மேலே போனதும் குனிந்து ஒன்று எடுக்கிறார், நிமிர்ந்து உதறுகிறார், தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கொடியில் போட்டுக் கிளிப் மாட்டுகிறார். 40 துணிக்கு 40 தடவை. புடவைக்கு ஒரு வீச்சு, துண்டுக்கு ஒரு வீச்சு. ஒன்று போல இன்னொன்று இல்லை. இதில் வாளி தூக்கும் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, சூட்கேஸ் கேரி என்று பெயர் வைத்து உங்கள் ஜிம்மில் சொல்லித் தருவார்கள். காசு கட்டிச் செய்வீர்கள்.

லண்டன் இரட்டை மாடிப் பேருந்துகளின் ஊழியர்களை ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிச் சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. உங்கள் வீட்டில் நீங்கள் ஓட்டுநர், அம்மா நடத்துநர். வாரத்துக்கு 4 நாள் ஜிம்முக்குப் போகும் ஓட்டுநர், அவ்வளவுதான்.

பளு தூக்குவதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கும்பிடும் அந்த 3 செட் (சுற்று), செட்டுக்கு 10 தடவை எங்கிருந்து வந்தது தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் அடிபட்டு, தொடை சூம்பிப்போன வீரர்களைத் தேற்ற அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் வகுத்த முறை அது. 1948இல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து அதை 3 செட்டாகச் சுருக்கினார். வலுவிழந்த தசைக்கு எழுதிய மருந்துச்சீட்டு. அதை வைத்துக்கொண்டு பந்தியில் உட்காரப் போனீர்கள்.

பந்தியில் நடந்தது இதுதான். தொடை தரைக்கு இணையாக வந்ததும் ஸ்குவாட்டில் எழுந்துவிடுகிறீர்கள். அதற்குக் கீழே உங்கள் முழங்காலும் கணுக்காலும் போவதே இல்லை. சம்மணத்துக்கு வேண்டியது தொடை எலும்பு இடுப்புக் குழியில் வெளிப்பக்கம் சுழல்வது. பார்பெல் (இரு முனையிலும் பளு மாட்டிய கம்பி) அதைக் கேட்பதில்லை, ஆபீஸ் நாற்காலியும் கேட்பதில்லை. சுழற்சி போதாததால் இடுப்பு பின்பக்கம் சரிந்து, முதுகு கூன் போட்டு, எடை முழுவதும் பிட்டத்திலும் கணுக்காலின் வெளிப்புறத்திலும் இறங்கியது. நரம்பு அழுந்தினால் கால் மரக்காமல் என்ன செய்யும்?

ஆகவே இன்று இரவிலிருந்து சாப்பாடு தரையில். ஒரு போர்வையை 3, 4 அங்குல உயரத்துக்கு மடித்துப் பிட்டத்துக்கு அடியில் மட்டும் வையுங்கள். முழங்கால் இடுப்பைவிடத் தாழ வேண்டும். முதல் வாரம் 5 நிமிடம் போதும். மரக்கத் தொடங்குமுன் மாற்றி உட்காருங்கள்: ஒரு முட்டியை நிறுத்தி, பிறகு மண்டியிட்டு, பிறகு கால் நீட்டி. பல்லைக் கடித்துக்கொண்டு 20 நிமிடம் உட்கார்ந்து காட்டுவது வீம்பு, பயிற்சி இல்லை. 2 வாரத்துக்கு ஒரு மடிப்பைக் குறையுங்கள். எழும்போது ஒரு பக்கம் சாய்ந்து ஒரு கையை ஊன்றி, ஒரு முட்டியில் நின்று, மறு பாதத்தை முன்னால் வைத்து எழுங்கள். கை ஊன்றுவதை மெல்ல விடலாம். பிரேசில் மருத்துவர் கிளாடியோ ஜில் அராவ்ஜோ உருவாக்கிய சோதனையில், உட்கார 5, எழ 5 என மொத்தம் 10 மதிப்பெண். கையோ முட்டியோ ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் 1, தடுமாறினால் அரை போகும். மாதம் ஒரு முறை போட்டுப் பாருங்கள். பெரியப்பாவின் தோளுக்கும் 1 கழியுங்கள். முழங்கால் வீங்கினாலோ மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிலிண்டர் விஷயம். உள்ளே 14.2 கிலோ காஸ், இரும்போடு சேர்த்து ஏறக்குறைய 30 கிலோ. நீங்கள் தூக்கும் 110இல் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பார்பெல் காலை ஒட்டி நேராக ஏறும், இரு கைக்கும் சம பாரம். சிலிண்டரோ மேடைக்கு அடியில் மூலையில் இருக்கிறது. கையை எட்டி நீட்டி, மேல் வளையத்தைப் பிடித்து, குனிந்தபடியே இடுப்பைத் திருப்பியிருப்பீர்கள். அதுவும் 9 மணி நேரம் நாற்காலியில் இருந்த உடம்போடு. நேர்க்கோட்டில் மட்டும் பழகிய முதுகு வளைவில் மாட்டிக்கொண்டது. 1920களில் மாஸ்கோவில் நிகொலாய் பெர்ன்ஸ்டைன், சுத்தியல் அடிக்கும் தேர்ந்த தொழிலாளிகளைப் படம்பிடித்துப் பார்த்தார். அடி விழும் இடம் மாறவில்லை. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் அடிக்கு அடி வேறு வழியில் போயின. அந்தத் தேர்ச்சி அம்மாவுக்குக் கொடியடியில் வந்திருக்கிறது. உங்களுக்கு ஜிம் மெஷினின் தண்டவாளத்தில் எப்படி வரும்?

அடுத்த முறை தூக்காதீர்கள். ரெகுலேட்டரை மூடிக் கழற்றிய பின் மண்டியிட்டு, சிலிண்டரைச் சற்றே சாய்த்து, அடி வளையத்தின் விளிம்பில் உருட்டியே வெளியே கொண்டுவாருங்கள். திரும்ப வேண்டுமானால் பாதத்தைத் திருப்புங்கள், இடுப்பை அல்ல. இடுப்பு வலி காலுக்கு இறங்கினாலோ, தொடை இடுக்கில் மரத்தாலோ, சிறுநீர் கழிக்கச் சிரமமானாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி லெக் டே. 3 வருடம் பழகிய கால், மறுநாள் ஒரு மாடி ஏற மாட்டேன் என்றால் அது உழைப்பின் அடையாளம் இல்லை, திட்டத்தின் கோளாறு. வாரத்துக்கான காலின் பளுவை ஒரே நாளில் கொட்டுகிறீர்கள். அதை இரண்டு நாளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு செட்டிலும் இன்னும் 2 முறை செய்ய முடியும் என்கிற இடத்தில் நிறுத்துங்கள். 90 கிலோவை 60 ஆக்கி, குதிகால் தரையை விட்டு எழாமல் எவ்வளவு ஆழம் போக முடியுமோ போங்கள். அப்படியும் வலித்தால், அந்த வலிக்குப் படி ஏறுவதே நல்லது. மெதுவாக அசைகிற தசை சீக்கிரம் இளகும். சோபாவில் கிடந்தால் இறுகும். ஆக, 'கால் வலிக்கிறது, அம்மா துணி எடுத்து வரட்டும்' என்பது மருத்துவப்படியும் தப்பு, மகன் என்ற முறையிலும் தப்பு. (மருமகள் செய்யலாமே என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்தால், வேறு பத்திரிகை வாங்குங்கள்.)

குற்ற உணர்ச்சியில் நாளைக்கே அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்துவிடாதீர்கள். அது இன்னொரு துரோகம். அவர் கால் ஊன்றி நிற்பதே இந்தப் படியாலும் இந்தக் குனிதலாலும்தான். 65 தாண்டியவர்களுக்குச் சமநிலைப் பயிற்சி வாரத்துக்கு 3 நாளாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவரிடமிருந்து எடுக்க வேண்டியது பாரத்தை மட்டும். துணியை நெஞ்சு உயரம் அணைத்துக்கொண்டு இறங்கும்போது அடுத்த படி கண்ணுக்குத் தெரியாது. இந்த வயதில் விழுந்தால் இடுப்பெலும்புதான் போகும். வாளி உங்களுடையது, கிளிப் டப்பா அவருடையது. அவர் வெறுங்கையோடு சுவரைப் பிடித்து ஏறட்டும், நீங்கள் பின்னால் ஏறுங்கள். இறங்கும்போது நீங்கள் முன்னால்.

எத்தனை செட் என்று கேட்டீர்கள். உங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை முறை துவைக்கிறீர்களோ அத்தனை. ஏறும்போது வாளி வலக்கையில், அடுத்த முறை இடக்கையில். ஆபீஸ் நாளில் காலை 6 மணிக்கே மெஷின் ஓடி முடியும்படி முந்தின இரவே துணியைப் போட்டு டைமர் வையுங்கள். ஜிம்முக்கு அதற்கப்புறம் போகலாம். கொடி அம்மாவின் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே அரை அடி இறக்கிக் கட்டுங்கள்.