இன்ஹெரிட்டன்ஸ் எத்தனை படி வரை போகலாம்? மூன்றுக்கு மேல் கூடாது என்கிறார் எங்கள் டீம் லீடர், சரியா?

நீங்கள் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகியிருக்காது. ஆசையாக ஒரு கிளாஸ் மரம் வரைந்து கொண்டுபோயிருப்பீர்கள். ஒருவகைப் பொருள் எப்படி இருக்கும், என்ன செய்யும் என்று சொல்லும் நிரல்துண்டு கிளாஸ்; கீழ்ப்படியில் இருப்பது மேலே இருப்பதன் குணங்களைப் பெறுவது இன்ஹெரிட்டன்ஸ். அவர் படிகளை விரல்விட்டு எண்ணித் திருப்பிக் கொடுத்திருப்பார். எண்ணுவது குற்றமில்லை. சிதம்பர், கெமரர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மென்பொருள் வடிவமைப்பை அளப்பது பற்றி 1994-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே மரத்தின் ஆழம் ஓர் அளவீடுதான். ஆழம் கூடினால் கீழே இருப்பது எப்படி நடந்துகொள்ளும் என்று கணிப்பது கடினம், ஆனால் மேலே எழுதியதைப் பயன்படுத்திக்கொள்ளும் வாய்ப்பும் கூடும் என்று இரண்டு பக்கமும் பேசியிருக்கிறார்கள்.

நான் பட்டதைச் சொல்கிறேன். மதுரையில் ஒரு சிறிய நிறுவனத்தில் பில் போடும் மென்பொருள் எழுதுகிறேன். மாசி வீதிப் பக்கம் பூவும் பூஜைச் சாமான்களும் விற்கும் கடை ஒன்றுக்கு நான் வைத்த மரம் இது: விற்பனைப் பொருள், அதன் கீழ் எடைப் பொருள், பிறகு வாடும் பொருள், பூ, மல்லி, கடைசியில் கட்டிய மல்லி. அழகாக இருக்கிறதே என்று அச்சிட்டுச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

உதிரி மல்லி கிலோக் கணக்கு. கட்டிய மல்லி முழக் கணக்கு. முழத்துக்கு ஏது எடை? எடை கேட்டால் பூஜ்யம் சொல் என்று கட்டிய மல்லியில் மட்டும் மாற்றி எழுதிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். விலை அப்போது எடையைத் தொடவில்லை. அளவையும் விலையையும் பெருக்கியது, அவ்வளவுதான். ஒன்றரை வருடம் ஓடியது.

பிறகு, சாம்பிராணிக்கும் குங்குமத்துக்கும் கவரின் எடையைக் கழிக்க வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். என் சக ஊழியர் எடைப் பொருளில் ஒரே ஒரு வரியை மாற்றினார்: அளவுக்குப் பதிலாக எடையால் பெருக்கு. அவர் செய்தது சரிதான், சோதித்தும் பார்த்தார், குங்குமத்தை. மறுநாள் முகூர்த்தம். விடியற்காலை ஐந்து மணிக்குத் தொலைபேசி.

"தம்பி, முகூர்த்த நாளில் பூவை இனாமாகக் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருக்கிறீர்களா?"

பத்து முழம் மல்லி, ரூபாய் 0.00. பத்து மணி வரை காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

ஆறு படி வைத்தால் இப்படித்தான் ஆகும் என்று சிலர் கிளம்புவார்கள். நடுவில் இருந்த மூன்றையும் தூக்கிவிட்டு, எடைப் பொருளுக்கு நேர் கீழே கட்டிய மல்லியை வைத்திருந்தாலும் பில் பூஜ்யம்தான். ஜாவா மொழியில் திரைகளை அமைக்கும் ஸ்விங் தொகுப்பின் பொத்தானான ஜேபட்டன், எல்லாக் கிளாஸுக்கும் தலையான ஆப்ஜெக்டுக்குக் கீழே ஐந்தாவது படியில் நிம்மதியாக இருக்கிறது. அதே ஜாவாவில் கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் அடுக்கான ஸ்டாக், பட்டியலான வெக்டருக்கு ஒரே படி கீழே. ஆனால் வெக்டரிடமிருந்து வந்த உரிமையால் அடுக்கின் நடுவிலும் எதையாவது செருகலாம். அது அடுக்கா? அப்பன் கொடுத்த வாக்கை மகன் காப்பாற்றுகிறானா என்று பார்க்கச் சொல்லித்தான் கணினி அறிஞர் பார்பரா லிஸ்கோவ் 1987-லேயே பேசினார். நான் கல்லூரியில் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவன். ஆழத்தால் வந்த கேடு வேறு: தவறு எந்தப் படியில் என்று தேடவே எனக்கு அரை நாள் போனது.

   

சரி, இப்போது மரத்தில் இரண்டே படிகள். எப்படி அளப்பது என்பதைத் தனிக் கிளாஸாகப் பிரித்து, பொருளுக்குள் வைத்துவிட்டேன்: கிலோ, முழம், எண்ணிக்கை. போன மாதம் கடைக்காரர் பந்துக் கணக்கு வேண்டும் என்றார். பந்துக்கு ஒரு கிளாஸ் எழுதினேன், மல்லியைத் தொடவில்லை.