மாஸகர் (massacre): பொருளும் பயன்பாடும் (கேள்வி பதில்)

கேள்வி: நிறையப் பேர் செத்தால் ஆங்கிலத்தில் 'மாஸகர்' என்று எழுதலாம்தானே?

பதில்: எண்ணிக்கை மட்டும் போதாது. போர்க்களத்தில் ஆயிரம் வீரர்கள் மடிந்தாலும் அது போர்தான். எதிர்த்து நிற்கவோ தப்பவோ வழியில்லாதவர்களைக் கூட்டமாகக் கொல்வதுதான் மாஸகர். ஜாலியன்வாலா பாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1919 ஏப்ரல் 13. சுற்றிலும் மதில், வெளியேறக் குறுகலான வழிகள், கலைந்து போகச் சொல்லாமலே சுட்டார்கள். அரசுக் கணக்கே 379 பேர் என்றது. இதைப் போய் 'சம்பவம்' என்று எழுதுவது செத்தவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வி: அப்படியானால் 'பாஸ்டன் மாஸகர்'? அதில் இறந்தது ஐந்து பேர்தானே?

பதில்: நல்ல கேள்வி. 1770 மார்ச் 5 அன்று, அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பனிக்கட்டிகளை எறிந்த கூட்டத்தின்மீது பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டார்கள். அப்புறம் நடந்த வழக்கில் பெரும்பாலான சிப்பாய்கள் விடுதலையானார்கள். இருவர்மீது மட்டும், கொலையைவிடக் குறைந்த 'மேன்ஸ்லாட்டர்' குற்றம் உறுதியானது. ஆனாலும் குடியேற்றவாசிகள் பரப்பிய பெயரே நிலைத்துவிட்டது. இந்தச் சொல்லை எடுத்தாலே கொன்றவன்மீது பழி சுமத்திவிடுகிறீர்கள். விவரம் தெரிந்த பிறகு எழுதுங்கள்.

கேள்வி: உச்சரிப்பு 'மாசாக்ரே'வா?

பதில்: இல்லை. 'மாஸகர்'. அழுத்தம் முதல் அசையில். கடைசி எழுத்துகளைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கேள்வி: ஜெனோசைடும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. ஜெனோசைட் என்பது இனப்படுகொலை. போலந்து சட்ட அறிஞர் ராஃபேல் லெம்கின் உருவாக்கிய சொல், 1944இல் அச்சில் வந்தது, 1948இல் ஐ.நா. உடன்படிக்கை அதற்குச் சட்ட வரையறை கொடுத்தது. ஓர் இனத்தையோ மதக்குழுவையோ முழுதாகவோ பகுதியாகவோ அழிக்கும் நோக்கம் இருக்க வேண்டும். மாஸகருக்கு அந்த நோக்கம் கட்டாயமில்லை. ஒரே ஊரில், ஒரே நாளில் நடந்து முடிந்ததாகவும் இருக்கலாம்.

கேள்வி: ஒரு தலைவரைச் சுட்டுக் கொன்றால்?

பதில்: அது 'அசாசினேஷன்'. தமிழில் ஒருவரைக் கொன்றாலும் படுகொலை என்கிறோம் அல்லவா, குழப்பம் அங்கேதான் வருகிறது. ஒரே ஒருவருக்கு மாஸகர் வராது.

கேள்வி: விளையாட்டில் படுதோல்வி அடைந்தால் 'மாஸகர்' என்கிறார்களே?

பதில்: பேச்சுவழக்கில் உண்டு, அகராதிகளும் ஏற்கின்றன. நான் எழுத மாட்டேன். பத்து கோல் வாங்கிய அணி அடுத்த வாரம் மறுபடி ஆட வரும். 'படுதோல்வி' என்றே எழுதிவிட்டுப் போகலாம்.