எம்கியூ இரண்டு சர்வரில்: என்எஃப்எஸ் 3 போதாது

வணக்கம். கொழும்புக் கோட்டையில் ஒன்று, புறநகர் மாலபேயில் ஒன்று என இரண்டு லினக்ஸ் சர்வரில் ஐபிஎம் எம்கியூவை (செயலிகளுக்கிடையே மெசேஜ்களைக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்) மல்டி-இன்ஸ்டன்ஸாக, அதாவது ஒன்று ஓட மற்றது ஸ்டாண்ட்பையாகக் காத்திருக்கும்படி போட, இருக்கிற என்எஃப்எஸ் 3 ஷேர் (இரண்டும் நெட்வொர்க் வழியாகப் பகிரும் ஃபைல் இடம்) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. ஓடும் சர்வர் திடீரென விழுந்தால் பதிப்பு 3 அதன் ஃபைல் லாக்கை (பூட்டை) விடுவிக்காது, ஸ்டாண்ட்பை காத்துக்கொண்டே கிடக்கும். பதிப்பு 4 கட்டாயம்.

மாலபே யோசனையையும் தயவுசெய்து விடுங்கள். பர்சிஸ்டன்ட் மெசேஜ் (சர்வர் விழுந்தாலும் தொலையக்கூடாத மெசேஜ்) கமிட் ஆகும்போதெல்லாம் அதன் பதிவு (log) ஷேரின் டிஸ்க்கில் எழுதி முடிய வேண்டும். அது அவ்வளவு தூரம் போய்வந்தால் வேகம் படுத்துவிடும். இரண்டு சர்வரையும் ஷேரையும் கோட்டையிலேயே வைத்து, டிஆரை (பேரிடர் மீட்பை) தனியாகத் திட்டமிடுங்கள்.

நிறுவுமுன் இரண்டிலும் எம்கியூ ஓடுவதற்கான எம்கியூஎம் பயனரையும் குழுவையும் ஒரே யூஐடி, ஜிஐடி (பயனர், குழு அடையாள) எண்ணில் நீங்களே உருவாக்குங்கள். இன்ஸ்டாலரிடம் விட்டால் கிடைத்த எண்ணை எடுக்கும், பிறகு ஸ்டாண்ட்பைக்கு ஷேரில் எழுத அனுமதி இராது. திறந்த ஃபைல் வரம்பு 10240, புராசஸ் வரம்பு 4096 என வையுங்கள். எம்கியூகான்ஃபிக் என்ற சோதனைக் கட்டளையை ஓட்டினால் குறைகிற அமைப்புகளைக் காட்டும்.

பலரும் தவறவிடுவது கிளையன்ட் (எம்கியூவோடு இணையும் செயலி) பக்கம். ஸ்டாண்ட்பை பொறுப்பேற்றாலும் ஐபி முகவரி தானாக அதற்கு மாறாது. கிளையன்ட்டின் கனெக்ஷன் நேமில் (இணையும் முகவரி) இரண்டு சர்வரையும் காற்புள்ளியிட்டு எழுதி, ஃபயர்வாலில் இரண்டுக்கும் 1414 போர்ட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.